ஆவுடைத்தாய்க்குக் கூட யாரு?

ஆவுடைத்தாய் இந்த ஊரில் வாங்கிச் சுமந்த ஃபிளாஸ்க் டீயை எல்லாம் ஒரே நாளில் கொட்டியிருந்தால் கரமனை ஆறு மூன்று நாளைக்குச் சிவந்து ஓடியிருக்கும். மீனுக்கெல்லாம் தூக்கம் போயிருக்கும். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆப்பரேஷன் வார்டில் பதினோரு வருஷம் அவள் பார்த்த வேலை அது. நோயாளிக்குத் துணையிருக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் அவளைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்கள். அவள் டீ வாங்குவாள், கஞ்சி வாங்குவாள், ரத்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவாள், ட்ரிப் பாட்டில் தீருகிறதா என்று கண் வைத்திருப்பாள், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பாள். மலையாளத்தில் இதற்குக் கூட்டிருப்பு என்று பேர். ஆஸ்பத்திரிச் சீட்டில் பைஸ்டாண்டர் என்று எழுதுவார்கள். அந்த இடத்தில் ஆவுடைத்தாய் என்ற பேர் ஏறிய சீட்டுகளை அடுக்கினால் வோட்டர் லிஸ்ட் தோற்றுப்போகும்.

பைஸ்டாண்டர் இல்லாத நோயாளியை ஆப்பரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகமாட்டார்கள். உள்ளேயிருந்து மருந்துச் சீட்டு வந்தால் வாங்கி ஓடவேண்டும், ரத்தம் வேண்டுமென்றால் ஏற்பாடு பண்ணவேண்டும், ஏதாவது ஆகிப்போனால் சொல்லி அழுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே. ராஜாவே வந்து படுத்தாலும் வாசலில் ஒருத்தர் நிற்கவேண்டும்.

இந்த வேலையில் ஆவுடைத்தாயின் பெருமை எல்லாம் காலை ரவுண்ட்ஸில்தான். வயிற்றில் கத்தி வைத்தவர்களுக்குக் குடல் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்பதற்குக் கீழ்க்காற்றுதான் சாட்சி. அது போகும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் கிடையாது. டாக்டர் கட்டில் கட்டிலாக வந்து, "வாயு போயோ?" என்று கேட்பார். ஆபீசராக இருந்து ரிட்டயரான ஆளெல்லாம் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆவுடைத்தாய் முன்னால் வந்து, "போயி சாரே! அம்பலத்துல சாமிக்குப் போடுற வெடிவழிபாடு மாதிரி மூணு!" என்று வார்டு முழுக்கக் கேட்க அறிவிப்பாள். தையல் போட்டவர்கள் எல்லாரும் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டுவார்கள்.

அவளுக்கும் ஒரு காலத்தில் ஒரு பைஸ்டாண்டர் இருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே கொத்துவேலைக்கு வந்த குற்றாலலிங்கம், அவள் புருஷன். 1991இல் ஆவுடைத்தாய்க்கு இதே வார்டில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிள்ளை பிறக்கும் முன்னாலேயே எடுக்கவேண்டி வந்தது. இரண்டாம் நாள் காலையில் குற்றாலலிங்கம் சிவப்பு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, "டீ வாங்கிட்டு வாரேன் ஆவுட" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன்பிறகு பிரதமர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். டீ இன்னும் வரவில்லை.

தையல் பிரித்த பிறகும் ஆவுடைத்தாய்க்குப் போக இடமில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்க ஆளில்லை என்றார்கள். வாங்கிக் கொடுத்தாள். அப்படியே அங்கேயே தங்கிப்போனாள். வீட்டுக்காரர் எங்கே என்று யார் கேட்டாலும் முகம் மாறாமல், "டீ வாங்கப் போயிருக்காரு" என்பாள். கேட்டவர்கள் பாவம், வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வலி வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. முதலில் வாரத்துக்கு ஒரு தரம் வந்துபோனது, பிறகு விருந்தாளி மாதிரி தங்கியது, கடைசியில் வீட்டுக்காரன் மாதிரி அதிகாரம் பண்ணியது. வயிற்றுக்குள் யாரோ ஈரவேட்டியைப் பிழிந்து, உதறி, மறுபடி பிழிகிறமாதிரி இருக்கும். ஒரு புட்டுக்கட்டி தின்றாலே வயிறு ஊதி, வாந்தி வந்து, பாதி நாள் போய்விடும். அதனால் கஞ்சித்தண்ணியோடு நிறுத்திக்கொண்டாள். உடம்பு எவ்வளவு இளைத்ததென்றால், வெயிலில் நின்றால் நிழல் விழவே யோசிக்கும்.

காட்டாத டாக்டர் இல்லை. ஒருவர் கேஸ் என்றார். ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது" என்றார். மனசில் இருப்பதற்கு வயிற்றில் ஏன் வலிக்கிறது என்று ஆவுடைத்தாய் கேட்டாள், அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். ஒரு வைத்தியர் இது குடலேற்றம் என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றைத் தட்டினார். அவர் தட்டிய தட்டில் குடல் இறங்கியதோ இல்லையோ, அவள் உயிர் பாதி ஏறிவிட்டது. ஆயுர்வேதக் கடை அரிஷ்டம் குடித்தாள். அவள் குடித்த அரிஷ்டத்தில் ஒரு யானை மயங்கி விழுந்திருக்கும்.

இத்தனையையும் வார்டில் யாருக்கும் தெரியாமல் செய்தாள். சீக்காளியைக் கூட்டிருப்புக்கு யார் கூப்பிடுவார்கள்? வலி பிழிய ஆரம்பித்ததும், "அய்யோ, ஃபிளாஸ்க் மூடியக் காணுமே" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்துவிடுவாள். அங்கே முழங்காலை வயிற்றில் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத மூடியைத் தேடுவாள். வலி விட்டதும், "கிடைச்சுட்டு" என்று எழுந்திருப்பாள். ஒன்பது வருஷத்தில் இப்படித் தொலைந்த மூடிகளை வைத்து ஒரு பாத்திரக்கடையே வைத்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான், சூடாமணி. நாகர்கோவில்காரி, அதே வார்டில் கூலிக்குக் கூட்டிருப்பவள், ஆவுடைத்தாயின் ஜென்ம எதிரி. வலியசாலை அக்ரகாரத்து சரஸ்வதியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, தனக்குப் பேசி வைத்த கேஸை ஆவுடைத்தாய் தட்டிக்கொண்டாள் என்பது சூடாமணியின் வழக்கு. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் திட்டாமல் இருக்க முடியுமா? சூடாமணி தன் பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துத் திட்டுவாள். ஆவுடைத்தாய் தன் கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவாள்.

2002இல் ஒரு நாள் மூடி தேடக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பச்சையாக வாந்தியெடுத்துக்கொண்டு அங்கேயே சுருண்டு கிடந்தாள். டாக்டர் ஹரிகுமார் வலி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூக்கில் ட்யூப் போட்டு மூன்று நாள் பட்டினி போட்டதில் அந்தத் தடவை வலி இறங்கியது. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற மாதிரி பாதித் தமிழில் சொன்னார்.

"ஆவுடைத்தாயீ, பழைய ஆப்பரேஷன் காயம் உள்ள ஆறுன சமயத்துல கொடலும் கொடலும் ஒட்டிப்போயி. அதாணு வேதனை. ஸ்கேன்ல அது தெரியில்லா. இப்ப ஒரு எடத்துல முறுக்கிட்டு வருது. தொறந்து விடுவிக்கணும்."

"விடுவிச்சா பெறகு ஒட்டாதா சாரே?"

"ஒட்டலாம். ஒட்டாமலும் இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்பிடியே விட்டா ஒரு நாள் மொத்தமா அடைச்சுக்கும். அன்னிக்கு ஓடி வர நேரம் கிட்டாது. அடுத்த செவ்வாய்க்கிழமை போடறேன். கூட ஆள் வேணும், கேட்டோ."

ஒன்பது வருஷத்தில் முதல்முதலாக ஒரு ஆள் அவள் வலியை நம்பியிருக்கிறார். ஆவுடைத்தாய்க்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் போனதும் பக்கத்துக் கட்டிலில் சூடாமணி வாளியிடம் சொன்னாள்:

"கேட்டியா வாளி, இந்த ஒலகத்துல அவகிட்ட ஒட்டிக்கிட்டு இருந்தது அவ கொடலு ஒண்ணுதான். அதையும் இப்பப் பிரிக்கப் போறாவளாம்."

ஆவுடைத்தாய் கஞ்சிப் பாத்திரத்தைத் தேடினாள். எடுத்து, கவிழ்த்து வைத்தாள்.

கூட ஆள் வேண்டும். இந்த ஊரில் அவள் மலம் அள்ளிய, முதுகு துடைத்த, வாயில் கஞ்சி ஊற்றிய ஆட்கள் ஒரு பட்டாளம் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவர்கள் அதை மறக்கத்தானே போகிறார்கள். அவள் முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு டெட்டால் வாசனை வந்துவிடும். சாலை பஜாரில் ஒருவர் அவளைக் கண்டதும் குடையை மழையில்லாமல் விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார்.

சரஸ்வதியம்மாளிடம் போனாள். எண்பத்திரண்டு வயசு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"ஆவுடை, நான் வரமாட்டேன்னு சொல்லலையேடி. நீ எனக்குச் செஞ்சதுக்கு நான் ஓடி வரணும். ஆனா நான் அங்க வந்து ஒக்காந்தா என்னைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமே. அதுக்கும் நீதானே வரணும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சரஸ்வதியம்மாள் ஒரு டப்பாவில் நார்த்தங்காய் கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடைத்தாய் பொன்முடிக்கு பஸ் ஏறினாள். குற்றாலலிங்கம் அங்கே எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில் இருக்கிறார் என்பது அவளுக்கு ஏழு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் போனதில்லை. அவரைத் தேடிப் போய்விட்டால் அப்புறம், டீ வாங்கப் போயிருக்கிறார் என்று சொல்ல முடியாதே.

பொன்முடி ரோட்டில் இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் பஸ் ஒரு பக்கம் சாயும், குடல் இன்னொரு பக்கம் சாயும். பத்தாவது வளைவில் அவள் சீட்டுக்கு அடியில் மூடி தேட ஆரம்பித்தாள். கண்டக்டரும் நல்ல மனுஷன், டார்ச் அடித்துக் கூடவே தேடினார்.

லயத்தில் குற்றாலலிங்கம் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்து, பல் போய், கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. உள்ளேயிருந்து ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் எட்டிப் பார்த்தார்கள்.

"டீ வாங்க இம்புட்டு நேரமாய்யா?" என்றாள் ஆவுடைத்தாய்.

பீடி அவர் கையிலேயே சுட்டது.

"ஆவுட..." என்றார். பிறகு ரொம்ப நேரம் மலையைப் பார்த்தார். மலை அவருக்கு உதவவில்லை. "பிள்ள இல்லன்னு டாக்டர் சொன்னாரு பாத்தியா... கீழ எறங்குனேன்... கடைக்குத்தான் போனேன், சத்தியமா. கால் அப்பிடியே பஸ்ஸ்டாண்டுக்குப் போயிட்டு."

"போன கதய விடும். எனக்குச் செவ்வாக்கெழம வயித்துல ஆப்பரேஷன். கூட நிக்க ஒரு ஆளு வேணும். ஒரு நாளு. வந்து வாசல்ல நின்னாப் போதும். மத்தது ஒண்ணும் கேக்கல."

"வாரேன். திங்கக்கெழமையே வந்துருதேன். எம் பிள்ள மேல சத்தியம்."

ஆவுடைத்தாய் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்ததைப் பார்த்தாள். சிவப்பு ஃபிளாஸ்க். பெயிண்ட் உரிந்து, மூடி மட்டும் வேறு நிறம்.

"அத எடும்" என்றாள்.

உள்ளே இருந்த பெண் எடுத்து, கழுவி, துணியால் துடைத்துக் கொடுத்தாள். புருஷனைத் தேடிப் போன ஆவுடைத்தாய் ஃபிளாஸ்க்கோடு மலையிறங்கினாள். இரண்டில் சூடு தாங்குவது அதுதான்.

திங்கட்கிழமை அட்மிஷன் கவுண்டரில் அவள் நின்றாள். கிளார்க் அழகியநம்பி அவளைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர். தலையைத் தூக்கவில்லை.

"பேஷண்ட்?"

"ஆவுடைத்தாய்."

"பைஸ்டாண்டர்?"

"ஆவுடைத்தாய்."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் கையும் பழக்கத்தில் எழுதிவிட்டது. சீல் குத்தி, பாஸும் கொடுத்துவிட்டார். வராந்தாவில் வந்து பார்த்தபோதுதான் ஆவுடைத்தாய்க்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இடத்தில் யார் பேரை எழுதச் சொல்வது? பாஸை இடுப்பில் சொருகிக்கொண்டு வார்டுக்குப் போனாள். குற்றாலலிங்கம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சாயந்திரம்வரை வாசலைப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் வேறு யாரையோ பார்க்க வந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. பச்சை உடுப்புப் போட்டு, தலைமுடியை இரண்டாகப் பின்னி, தியேட்டர் வாசலில் ட்ராலியில் படுத்திருந்தாள். கதவு திறந்தது. ஸ்வப்னா சிஸ்டர் சீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்:

"ஆவுடைத்தாயுடெ கூடெ ஆராணு?"

"ஞான்தான் சிஸ்டரே!" ட்ராலியில் படுத்திருந்தவள் கையைத் தூக்கினாள்.

ஆயிரம் தடவை அந்த வாசலில் அந்தக் கேள்விக்கு முதல் ஆளாகக் குரல் கொடுத்தவள். காது கேட்டதும் கை தானாக உயர்ந்துவிட்டது. ஸ்வப்னா விழுந்து விழுந்து சிரித்தாள். ட்ராலி தள்ளுகிற சொரிமுத்து அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தார். ஆவுடைத்தாயும் சிரித்தாள். ஆனால் ஸ்வப்னா சீட்டை மறுபடி பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

"சேச்சி... இதில் சேச்சியுடெ பேரு தன்னெ எழுதியிருக்கு. சத்யமாயிட்டும் ஆரும் வந்நில்லே?"

"டீ வாங்கப் போயிருக்காரு" என்றாள் ஆவுடைத்தாய்.

ஸ்வப்னா உள்ளே போய் டாக்டரிடம் சொன்னாள். வெளியே வந்து, ஆள் இல்லாமல் முடியாது, இன்று இன்னொருவரை எடுக்கட்டும், சேச்சிக்கு வேறு நாள் பார்க்கலாம் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, சட்டம் கலங்கவில்லை. சொரிமுத்து ட்ராலியை வார்டுக்குத் திருப்பினார். வழியிலேயே வலி பிழிய ஆரம்பித்தது. கட்டிலில் இறக்கியதும் ஆவுடைத்தாய் நேராகத் தரையில் இறங்கி, கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"மூடியக் காணும்..." என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் தன் நோயாளிக்குத் தலைவாரிக்கொண்டிருந்த சூடாமணி சீப்பை நிறுத்தினாள். வாளியைப் பார்த்தாள். வாளியை விட்டுவிட்டு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நேராக இவளைப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த மூடி அங்க இல்லட்டி. வெளிய வா."

"நீ ஒன் வாளிகிட்டப் பேசு."

"வாளிக்குச் சீட்டுல ஒப்பு போடத் தெரியாதே, என்ன செய்ய? எந்திரி. சொரிமுத்தண்ணே, வண்டிய ஓட்டும். போயி, கூட ஆளு வந்துட்டுன்னு சொல்லும்."

"ஒனக்குப் பேஷண்டு இருக்கே."

"அது வெள்ளிக்கெழம வீட்டுக்குப் போவுது. அதுவர ரெண்டு பேரப் பாக்கேன். எனக்கென்ன, ஒன்ன மாதிரி கட்டிலுக்கு அடியில குடும்பமா நடத்துதேன், நேரமில்லாம இருக்க?"

சீட்டில் ஆவுடைத்தாய் என்ற பேரை அடித்து, மேலே சூடாமணி என்று எழுதினார்கள். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஸ்வப்னா கேட்டாள். சூடாமணி, "சண்டைக்காரின்னு போடும்" என்றாள். ஸ்வப்னா 'அக்கா' என்று எழுதிக்கொண்டாள்.

உள்ளே நான்கு மணி நேரம் ஆனது. குடல் மூன்று இடத்தில் ஒட்டியிருந்ததாம், ஒரு இடம் முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி இருந்ததாம். வெட்டாமல், கிழிக்காமல் பிரித்து விட்டார் டாக்டர். மறுபடி ஒட்டலாம் என்று அப்போதும் சொன்னார். இவ்வளவு பொறுப்பாகச் சொன்ன மனுஷனை ஆவுடைத்தாய் அதுவரை பார்த்ததில்லை.

மூன்று நாள் வாயில் தண்ணீர் இல்லை. சூடாமணி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஓடித் தன் நோயாளிக்குச் சோறு ஊட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்து திட்டிவிட்டுப் போவாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வார்டே எதிர்பார்த்த விஷயம் நடந்தது. பெரிய வெடிவழிபாடு ஒன்றுமில்லை. ஊசிப்பட்டாசு மாதிரி ஒன்று, அவ்வளவுதான். ஆவுடைத்தாய் சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தாள், யாரிடமாவது சொல்லவேண்டுமே. ஸ்டூல் காலியாக இருந்தது. சூடாமணி தன் நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கக் கீழே போயிருந்தாள்.

டாக்டர் வந்தார். "வாயு போயோ?"

ஆயிரம் பேருக்காக அறிவித்தவள் தன் முறை வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போயி சாரே!" வாசலிலிருந்து சூடாமணியின் குரல் வந்தது. "அவ மூஞ்சியப் பாத்தா தெரியல? வெக்கத்தப் பாரும், புதுப்பொண்ணு மாதிரி!"

வார்டு சிரித்தது. தையல் போட்டவர்கள் திட்டினார்கள். டாக்டர் ஒரு அரை கப் டீ குடிக்கலாம் என்று எழுதினார்.

சூடாமணி சிவப்பு ஃபிளாஸ்க்கைத் தூக்கினாள். "கீழ போயி வாங்கிட்டு வாரேன்."

"வேண்டாம்" என்றாள் ஆவுடைத்தாய். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டாள். "ஒன் பேஷண்டோட போவ ஒனக்கு நேரமாவுது. வண்டி வந்து நிக்கும்."

சூடாமணிக்கும் அந்தக் கதை தெரியும். வார்டில் ஈக்கும் எறும்புக்கும் தெரிந்த கதைதான். தன் பிளாஸ்டிக் வாளியை எடுத்து ஆவுடைத்தாயின் கட்டில் மேலேயே, அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இங்க நிக்கட்டு. இத விட்டுட்டு நான் எங்கயும் போவமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஆவுடைத்தாய் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதை எண்ணினாள். நூறு வந்தது. இருநூறு வந்தது. தையல் இழுத்தது, ஆனால் அந்தப் பழைய பிழிதல் இல்லை. இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், மூடி தேடுகிற மாதிரியே. இல்லை. முந்நூற்றுப் பதினேழாவது சொட்டில் சூடாமணி மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"ஒரு டீக்கு என்ன கூட்டம்டி! கல்யாணவீடு தோத்துச்சு."

மூடியில் அரை கப் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வாளியைத் தூக்கினாள். அவள் நோயாளியின் வீட்டுக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். நெய்யாற்றின்கரைக்கு அவர்களோடு போய் ஒரு மாதம் அங்கேயே இருக்கவேண்டும்.

"வரட்டுமா?"

"போயிட்டு வா."

வாசல்வரை போய், திரும்பாமலே வாளியிடம் ஏதோ சொன்னாள். ஆவுடைத்தாய்க்குக் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சூட்டோடு சூடாகப் புது நோயாளியை ஏற்றினார்கள். கூட வந்த பெண் பையை வைத்துவிட்டு, ஆவுடைத்தாய்க்குப் பக்கத்தில் கிடந்த வெறும் ஸ்டூலைப் பார்த்தாள்.

"சேச்சிக்குக் கூடெ ஆரும் இல்லே?"

ஆவுடைத்தாய் வாயைத் திறந்தாள். பதினோரு வருஷத்துப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. கையில் டீ இருக்கும்போது அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"இல்ல" என்றாள். "நீ அந்த ஸ்டூல எடுத்துக்க."

அந்தப் பெண் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆவுடைத்தாய் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். சீனி கூடுதல். சூடாமணி கண்பார்வையில்லாதவள் மாதிரி அள்ளிப் போடச் சொல்லியிருப்பாள். திட்டுவதற்கு ஆள் போய்விட்டது. பாதி குடித்ததும் மீதியை ஃபிளாஸ்க்கிலேயே ஊற்றி மூடி, கைக்கு எட்டுகிற பக்கமாக, தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டாள்.